ஒரு பெயர், பல மனிதர்: சிக்கந்தர் என்னும் பெயரை முன்வைத்து

பெயர் ஒன்றாக இருப்பதனால் ஆளும் ஒருவராகிவிடுவதில்லை. எளிய இவ்வுண்மையைத் தமிழில் வெளிவரும் தர்கா வரலாற்று நூல்கள் பல மறந்துவிடுகின்றன. புகழ்பெற்ற ஒருவரின் பெயரைத் தாங்கிய மற்றொருவர் முன்னவரின் வரலாற்றுக்குள் கரைந்துபோகிறார். வெவ்வேறு காலத்தவர் இருவர் ஒருவராக்கப்படுவதும் உண்டு. சிக்கந்தர் என்னும் பெயர் இதற்கு நம் அருகிலேயே கிடைக்கும் சான்று.

மதுரையிலிருந்து ஏர்வாடிக்குச் செல்லும் வழிகளுள் ஒன்று அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதி, முதுகுளத்தூர் ஊடே செல்கிறது. கண்மாயையும் வானத்தையும் நம்பி வாழும் மானாவாரிச் சீமை இது. இதன் ஒரு முனைக்கு அப்பால் திருப்பரங்குன்றத்து மலைமேல் சிக்கந்தர் பாதுஷாவின் அடக்கத்தலம் உள்ளது; மறுமுனையில் ஏர்வாடியில் செய்யிது இப்றாஹீம் ஷஹீது அவர்களின் தர்கா உள்ளது. ஏர்வாடி மரபு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் மதீனாவிலிருந்து வந்த இப்றாஹீம் அவர்களின் துணைவர்களுள் ஒருவராகவே சிக்கந்தரைச் சொல்கிறது. வரலாற்று நூல்களோ மதுரை சுல்தான்களுள் கடைசியானவர் அலாவுத்தீன் சிக்கந்தர் ஷா என்கின்றன. அவர் பெயரில் கிடைத்த கடைசி நாணயங்கள் ஹிஜ்ரி 779, அதாவது 1377-78ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கிடக்கின்றன. எனினும் துணைவரே சுல்தான், சுல்தானே துணைவர் என்று ஒரே பக்கத்தில் எழுதிச் செல்வோர் உளர்.

இச்சீமையின் கிராமத்தார் இத்தகைய பிழையைச் செய்வதில்லை. ஊருக்கு ஊர் கண்மாய்க்கரையில் ஓர் ஐயனார், எல்லையில் ஒரு கருப்பசாமி. பெயர் ஒன்றேயாயினும் சங்கிலிக்கருப்பு வேறு, முன்னோடிக்கருப்பு வேறு என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. அவ்வழிபாடு நம் நம்பிக்கைக்கு அப்பாற்பட்டது. ஆயினும் இடத்தையும் அடையாளத்தையும் சேர்த்துச் சொல்லிப் பெயரைப் பிரிக்கும் அம்முறை கருதத்தக்கது.

பெயர்ச்சிக்கல் கிரேக்கருக்கும் இருந்தது. ஹோமரின் இலியத்தில் அஜாக்ஸ் என்போர் இருவர். தெலமோனின் மகன், ஒய்லியூஸின் மகன் என்று தந்தை பெயரால் கவிஞரே அவர்களைப் பிரித்துவிடுகிறார். பைலாமெனீஸ் என்னும் சிறிய பாத்திரத்தின் நிலை வேறு. ஐந்தாம் காண்டத்தில் கொல்லப்படும் அவன், பதின்மூன்றாம் காண்டத்தில் மகனின் உடலைப் பின்தொடர்ந்து அழுதவாறு நடக்கிறான். பண்டைய உரைகாரருள் சிலர், இவன் அதே பெயருடைய வேறொருவன் என்று சொல்லிக் கவிஞரைக் காத்தனர். நம் நாட்டிலோ இதற்கு மறுதலையான வழி. அதியமான் அளித்த நெல்லிக்கனி ஔவைக்கு நீண்ட ஆயுளைத் தந்ததென்று கொண்டு, சங்க காலத்தவரையும் கம்பர் காலத்தவரையும் மக்கள் ஒருவராக்கினர். மொழிநடையையும் யாப்பையும் ஆராய்ந்த அறிஞரே பின்னர் அவர்களைப் பிரித்தனர். முரண்பாட்டை மறைக்க ஒருவரை இருவராக்குவதும், அன்பின் மிகுதியால் இருவரை ஒருவராக்குவதும் ஒரே குறையின் இரு முகங்கள் என்போம். இரண்டிலும் சான்று கேட்கப்படுவதில்லை.

சான்று கேட்கும் மரபு நமக்குப் புதிதன்று. அலெக்ஸாந்திரோஸ் என்னும் கிரேக்கப் பெயரே அரபியில் இஸ்கந்தராகிப் பாரசீகத்தில் சிக்கந்தராயிற்று. திருக்குர்ஆனின் கஹ்ஃப் அத்தியாயம் துல்கர்னைன் என்னும் சிறப்புப் பெயரை மட்டுமே கூறுகிறது; அவர் இஸ்கந்தரே என்று உரைத்தவர் விரிவுரையாளருள் சிலர். ஹிஜ்ரி 774இல் மறைந்த இமாம் இப்னு கஸீர் (ரஹ்) இதனை ஏற்கவில்லை. இறையடியாரான துல்கர்னைன் வேறு, அரிஸ்டாட்டிலை அமைச்சராகக் கொண்ட மக்கதோனிய இஸ்கந்தர் வேறு, இருவருக்கும் இடையே நெடுங்காலம் உண்டு என்று அவர் பிரித்துரைத்தார்.

ஹதீஸ் கலைவல்லார் இதனை ஒரு தனித்துறையாகவே வளர்த்தனர். பெயரில் ஒன்றுபட்டு ஆளில் வேறுபடுவோர் பற்றிக் கதீப் அல்பக்தாதி (ரஹ், மறைவு 1071) தனிநூல் இயற்றினார். இப்னுஸ் ஸலாஹ் (ரஹ், மறைவு 1245) கலீல் இப்னு அஹ்மத் என்னும் ஒரே பெயருடைய அறுவரை எடுத்துக்காட்டினார். அரபு யாப்பிலக்கணம் வகுத்த கலீல் அவருள் முதல்வர். ஏனைய ஐவரும் அவர் புகழுக்குள் மறைந்துவிடவில்லை. நம்பத்தக்க ஓர் அறிவிப்பாளரின் பெயரில் நம்பத்தகாத ஒருவரின் சொல் நுழைந்துவிடக்கூடாது என்ற அச்சமே இத்துறையைத் தோற்றுவித்தது. தந்தை, ஊர், ஆசிரியர், காலம் ஆகிய நான்கையும் கேட்டே அவர்கள் ஒரு பெயரை ஏற்றனர்.

இந்நான்கு கேள்விகளையும் சிக்கந்தர் என்னும் பெயருக்கு நாம் கேட்கத் தயங்குவதேன்? பிரித்துச் சொன்னால் உரிமை தளரும் என்று அஞ்சுவோர் உளர். நெல்லித்தோப்பும் பள்ளிவாசலும் அதன் படிக்கட்டுகளும் முஸ்லிம்களுக்கு உரியன என 1931இல் ப்ரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அடக்கமாகியிருப்பவர் எந்த நூற்றாண்டினர் என்னும் வினாவில் அவ்வுரிமை தொங்கிக்கொண்டிருக்கவில்லை. இன்னும் சிலர் மரபைக் காப்பதாகச் சொல்வர். மீசல் வண்ணக்களஞ்சியப் புலவர் இப்றாஹீம் ஷஹீது அவர்களைத் தீன் விளக்கம் என்னும் காப்பியமாகப் பாடியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அதனைக் காப்பியமாகவே சுவைப்போம்; ஆண்டுக்கணக்கை அதனிடம் கேட்பது புலவருக்கும் நியாயமன்று, வரலாற்றுக்கும் நியாயமன்று.

எனவே ஏர்வாடி மரபின் சிக்கந்தருக்கு ஓர் இடமும், நாணயங்களின் சிக்கந்தருக்கு மற்றோர் இடமும் நம் நூல்களில் ஒதுக்கப்படவேண்டும். இருவரும் ஒருவரே என்று எவரேனும் நிறுவுவாராயின் அதற்கான சான்றை அவரே தரட்டும். அதுவரை ஒருவரின் கிரீடத்தை மற்றவர் தலையில் வைப்பது இருவருக்கும் இழைக்கும் அநீதியாகும்.