நடுவரின் பொய்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். பையன்கள் விளையாட்டுக்கு விமர்சனம் எதற்கு என்றார். நாற்பது வருஷங்களுக்கு மேலாக இந்த ஆட்டங்களை ஆடியும் நடத்தியும் வருகிறவன் என்ற முறையில் என் பதில் இது: கதையில் ஆசிரியனுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கலாம் என்ற கேள்வியை நான் புத்தகங்களில் படித்தேன், அனுபவமாக அறிந்தது இந்த மேஜையில்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் மட்டும் நடுவர். உலகம் அவர் பொறுப்பு. கதவைத் திறக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், கதவுக்கு அப்பால் இருப்பதை அவர் சொல்வார். முடிவு சந்தேகமாக இருக்கும் இடத்தில் பகடை உருளும். வென்றவர், தோற்றவர் என்று கிடையாது. பார்வையாளரும் கிடையாது.

இதன் பூர்வீகம் யுத்தப் பயிற்சி. 1824ல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி பிரஷ்ய ராணுவத் தலைமைக்குக் காட்டிய கிரீக்ஸ்ஷ்பீலில் வரைபடம், பகடை, நடுவர் மூன்றும் இருந்தன. 1876ல் வெர்டி து வெர்னுவா, பகடையும் அட்டவணைகளும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். பகடையா நடுவரா என்ற அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. 1969ல் அமெரிக்காவில், மினியாபொலிஸ்–செயின்ட் பால் வட்டாரத்தில், டேவிட் வெஸ்லி ப்ரௌன்ஷ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து ஒரு யுத்த ஆட்டம் நடத்தினார். சிலருக்குப் படைகளைத் தராமல் ஊர்க்காரர்களின் வேஷத்தைத் தந்தார். அவர்கள் யுத்தத்தை மறந்து ஒருவரோடொருவர் பேரம் பேசக் கிளம்பிவிட்டார்கள். ஆட்டம் கெட்டுப்போயிற்று என்றுதான் வெஸ்லி நினைத்தார். அந்தக் கெட்டுப்போனதிலிருந்துதான் எல்லாம் முளைத்தது. அந்த வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன் பிளாக்மூர் என்ற உலகத்தை உண்டாக்கினார். அவரும் விஸ்கான்சினில் லேக் ஜெனீவாவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் எழுதிய மூன்று சிறு புத்தகங்கள் 1974ல் ஒரே பெட்டியில் வந்தன. முதல் பதிப்பு 1000 பிரதிகள். நமக்குப் பழக்கமான எண்.

நான் 1981ல் மினியாபொலிஸுக்குப் படிக்கப் போனேன். வெளியே பனி. விடுதியின் நிலவறையில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பழைய விதிப்படி மூன்று பகடைகளை ஆறு முறை உருட்டினால் பலம், புத்தி, விவேகம் என்று ஒரு மனிதன் கிடைக்கிறான். அவனைத் தேர்ந்தெடுக்க முடியாது, பிறப்பைப்போல. என்னுடையவனுக்குப் பலம் 5. இரண்டு மணி நேரத்தில் ஒரு குழியில் விழுந்து செத்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. நாவலில் ஒருவன் செத்தால் எழுதியவன்தான் கொன்றான் என்று நமக்குத் தெரியும். இவனை யாரும் கொல்லவில்லை. இந்த மாதிரிச் சாவை நான் அதுவரை எந்தக் கதையிலும் சந்தித்திருக்கவில்லை.

பிறகு மற்ற ஆட்டங்கள் வந்தன. 1977ல் வெளிவந்த டிராவலரில் ஆட்டம் தொடங்குமுன், பாத்திரத்தின் பூர்வ வாழ்க்கையை உருட்டும்போதே அவன் செத்துவிடலாம். 1981ல் வந்த கால் ஆஃப் கதுல்ஹுவில் உண்மையை அறிய அறிய சித்தம் குறைகிறது. அதற்கும் எண் உண்டு. அந்த எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த பயம், பல கவிதைகள் எனக்குத் தராத பயம்.

1987ல் நான் நடுவர். நடுவருக்கு முன் அட்டைத் திரை ஒன்று இருக்கும். அதன் பின்னால் அவர் உருட்டுவதை மற்றவர் பார்க்க முடியாது. எங்களில் மூத்தவர் ஒருவர். மூன்று வருஷம் ஒரே பாத்திரம். அவனை விஷம் தீண்டியது. இருபது முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழுந்தால் பிழைப்பான். 100க்கு 45 வாய்ப்பு. அன்று எல்லாவற்றையும் நான்தான் உருட்டிக்கொண்டிருந்தேன். 4 விழுந்தது. நான் 15 என்றேன்.

இரக்கத்தால்தான் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நன்றி என்றார். அதற்குப் பிறகு அவன் எந்த வாசலிலும் தயங்கவில்லை. மற்றவர்களும் தயங்கவில்லை. பயம் போன பிறகு துணிச்சலுக்கும் அர்த்தம் இல்லாமல் போயிற்று. இரண்டு மாதத்தில் ஆட்டம் நின்றுவிட்டது. யாரும் காரணம் சொல்லவில்லை.

கதைக்காகப் பகடையை மாற்றலாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நல்ல ஆட்டக்காரர்களே சொல்கிறார்கள். இது தொடர்கதை எழுதுகிறவனின் தர்க்கம். அடுத்த வாரமும் நாயகன் வேண்டும், ஆகவே அவன் சாகமாட்டான். அவனுக்குத் தெரியாவிட்டாலும் வாசகனுக்குத் தெரியும். 2015லிருந்து கிரிட்டிகல் ரோல் போன்ற நிகழ்ச்சிகளில் குரல் நடிகர்கள் ஆடுவதை லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். அவர்கள் திறமைசாலிகள், பகடையை ஏய்க்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்வையாளன் வந்து உட்கார்ந்ததும் மேஜை மேடையாகிவிடுகிறது. நிலவறையில் எங்கள் தவறுகளுக்குச் சாட்சி நாங்கள் மட்டும்தான். அந்தச் சிருஷ்டி அதோடு அழிந்தது. மிஞ்சிய வரைபடங்களை வெளியார் பார்த்தால் வெறும் கோடுகள்.

இதெல்லாம் சொன்ன பிறகும் எனக்குள் ஒரு சந்தேகம் இருக்கிறது. 1987க்குப் பிறகு நான் திரை வைப்பதில்லை. எல்லாம் நடுமேஜையில் உருளும். சென்ற மாதம் ஒரு பெண்ணின் பாத்திரம் செத்தது. நாலு வருஷப் பாத்திரம். 3 விழுந்ததை எல்லோரும் பார்த்தோம். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். என்னிடம் சொல்ல எதுவும் இல்லை. காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

இரண்டு வாரமாக வரவில்லை. அவள் நாற்காலியை நாங்கள் எடுக்கவில்லை.