இரண்டு முறையீடுகள்

குறை சொல்லுதல் வேறு, முறையிடுதல் வேறு. நம் பொதுவாழ்வில் முன்னது மிகுந்தும் பின்னது அருகியும் காணப்படுகிறது. நாளிதழ்களின் வாசகர் கடிதப் பகுதியை நோக்குவோம். குடிநீர் வராத தெரு, எரியாத விளக்கு, நிற்காமற் செல்லும் பேருந்து எனக் குறைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுட் பல, 'சம்பந்தப்பட்ட அதிகாரிகள் கவனிப்பார்களா?' என்னும் ஒரே கேள்வியோடு முடிந்துவிடுகின்றன. எந்த அதிகாரி, எந்நாள் முதல், எதற்குப் பொறுப்பு என்பவை எழுதப்படுவதில்லை. மறுபுறம், ஒருவரைப் பெயர் சுட்டிப் பழித்து, எழுதியவர் தம் பெயரை மட்டும் மறைத்துக்கொள்ளும் மொட்டைக் கடிதங்களும் உலவுகின்றன.

இவ்வேறுபாட்டை உணரச் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் நமக்குத் துணைசெய்யும். அங்கே பாண்டியன் செவியில் இரண்டு குற்றச்சாட்டுகள் விழுகின்றன. முதலாவது பொற்கொல்லனுடையது. ஊடிச் சென்ற தேவியைத் தேடி விரையும் மன்னனிடம், அவள் சிலம்பைத் திருடியவன் அகப்பட்டான் என்று அவன் கூறுகிறான். சான்று இல்லை; குற்றம் சாட்டப்பட்டவன் அங்கு இல்லை; கோவலனை ஒரு சொல்லும் கேட்பாரில்லை. அவன் தோற்றம் கள்வனுடையது போல் இல்லையே என்று ஐயுற்ற காவலனின் சொல்லும் எடுபடவில்லை. உண்மையில் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லனே.

இரண்டாவது கண்ணகியினுடையது. அவள் அவை நடுவே நிற்கிறாள். புறா ஒன்றின் துயர் தீர்த்த மன்னனும், பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனும் ஆண்ட புகாரே தன் ஊர் என்கிறாள். மாமன் பெயர், கணவன் பெயர், தன் பெயர் அனைத்தையும் சொல்கிறாள். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் அன்று என்ற மன்னனின் மறுமொழியையும் கேட்கிறாள். பின்னர், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பிலோ முத்து. உடைத்துப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும், உடைத்தாள், வெளிப்பட்டது. கண்ணகியின் சினத்தைப் போற்றும் நாம், அவள் வழக்கின் இந்த ஒழுங்கைப் போதிய அளவு போற்றியதில்லை.

ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. மன்னன் தன் தவற்றை ஏற்று உயிர்நீத்த பின்னரும் மதுரை எரிகிறது. முதியோரையும் குழந்தைகளையும் விலக்குமாறு அவள் ஆணையிட்டாலும், ஒருவன் பிழைக்கு ஓர் ஊர் பழியேற்பதா என்ற கேள்வி நிற்கிறது. ஓர் அலுவலர் செய்த தவற்றுக்காக அவருடைய சாதியையோ சமயத்தையோ தூற்றும் எழுத்து, வழக்கு முடிந்தபின் மூட்டும் இத்தகைய தீயேயாகும்.

இனி, பெயரை மறைப்போர் யாவரும் கோழைகளா எனில், அல்லர். கையெழுத்திட்டால் கூலி போகும், பட்டா கிடைக்காது என்று அஞ்சும் ஏழையை நாம் பழித்தல் தகாது. அவன் அச்சம் அவனுடைய குற்றமன்று; கேட்க வேண்டியவர்களின் குற்றம். மேலும், கண்ணகியின் கையில் சிலம்பு இருந்தது. எளியவனுடைய சான்றோ அலுவலகக் கோப்பினுள் அடைபட்டுக் கிடந்தது. 1994 டிசம்பரில் இராஜஸ்தானத்துக் கோட்கிரானா சிற்றூரில் நடந்த மக்கள் விசாரணையில், ஊராட்சிப் பணிகளின் கணக்குகள் ஊரார் முன் படிக்கப்பட்டன. அத்தகைய முயற்சிகளின் தொடர்ச்சியாகவே 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. காரணம் கூறாமலே ஆவணத்தைக் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் விடை தரப்பட வேண்டும். சிலம்பை உடைத்துப் பார்க்கும் உரிமை குடிமகனுக்குக் கிடைத்தது எனலாம்.

எனவே நாம் எழுதும் புகாரில் நாளும் இடமும் இருக்கட்டும், சான்று இருக்கட்டும், வேண்டுவது இன்னதென்ற தெளிவு இருக்கட்டும். அச்சிடும் இதழும் எதிர்த்தரப்பின் மறுமொழியைக் கேட்டு, அதனையும் உடன் வெளியிடட்டும். பெயர் சொல்ல அஞ்சும் அயலானுக்காக, அஞ்ச வேண்டாத நிலையிலுள்ள நாம் நம் பெயரை எழுதிக் கொடுப்போமாக.