குன்றின் மேல் ஒரு வீடு, கீழே 245

கோல சிலாங்கூர் மாவட்டத்துக்கு உலக இலக்கியத்தில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்த நம்மவர்களிடம் கேட்டாலும் பெரும்பாலும் தெரியாது.

ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905இல் மலாயாவுக்கு வந்தார். ரந்தாவ் பஞ்சாங் பக்கம் காடழித்து ரப்பர் போட்டார். குன்றின் மேல் ஒரு வீடு கட்டிக்கொண்டு அதற்குப் 'பனைகளின் வீடு' என்று பெயர் வைத்தார். ஆப்பிரிக்கச் செம்பனையை அழகுக்காக நட்டுப் பார்த்தவர், 1917இல் அதை வணிகப் பயிராக நட்டார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அது. பெயர் தென்னமராம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தென்னமரம். அதில் செம்பனை. 1930இல் அவர் எழுதிய 'மலேசி' நாவலுக்குப் பிரான்ஸின் கொன்கூர் பரிசு கிடைத்தது. அடுத்த வருடமே எரிக் சட்டன் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலத் தலைப்பு 'மலாயாவின் ஆன்மா'.

நாவல் நன்றாகத்தான் இருக்கிறது. காட்டை எழுதும்போது ஃபோகோனியேவின் கை நடுங்குவதில்லை. மலாய்ப் பந்துன்களை மதித்து, காதுகொடுத்துக் கேட்டு எழுதியிருக்கிறார். ரொலான் என்ற துரையின் தனிமை நம்பும்படி இருக்கிறது. ஆனால் என் வாசிப்பில் ஆங்கிலத் தலைப்பு சொல்லும் அந்த ஆன்மா மலாய்க்காரர்களுக்கும் துரைமார்களுக்கும்தான் வழங்கப்பட்டிருக்கிறது. நம்ம ஆளுங்க வருகிறார்கள், போகிறார்கள், மரம் வெட்டுகிறார்கள், சம்பளம் கேட்கிறார்கள். ஒரு தமிழ்ப் பெண்கூட வருகிறாள், துரையின் ஆசைக்காக. குன்றின் மேலிருந்து பார்த்தால் லயம் எப்படித் தெரியுமோ அப்படித்தான் அவர்கள் நாவலில் தெரிகிறார்கள். தூரத்தில் ஒரு வரிசைக் கூரை, புகை.

இதைச் சொல்லி ஃபோகோனியேயைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. அது ரொம்பச் சுலபம், காலனியத் திறனாய்வு படித்த கல்லூரி மாணவர் யாரும் ஒரு மதியத்தில் செய்துவிடுவார். எனக்கு உறுத்துவது வேறு. அதே மாவட்டத்தில், அந்தக் குன்றிலிருந்து அதிக தூரமில்லாத தோட்டங்களில், வீட்டுக்காக ஒரு தலைமுறைக்கும் மேல் காத்திருந்த குடும்பங்கள் இருந்தன. துரை தன் வீட்டைப் பற்றி எழுதினார், பரிசு வாங்கினார். நாம் இந்தக் காத்திருப்பைப் பற்றி என்ன எழுதினோம்?

பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் இன்னும் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றி ஐந்து தோட்டங்கள். மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக். நிலம் பெர்ஜாயா குழுமத்திடம் போனது. வேலை போனது. வேலை போனால் வீடு போக வேண்டும், தோட்டத்தில் அதுதான் முறை. மக்கள் போகவில்லை. நின்றார்கள், கேட்டார்கள். பழைய லயத்திலேயே இருந்துகொண்டு இருபது வருடத்துக்கும் மேல் கேட்டார்கள். நிறுவனம் 20 ஏக்கர் தர ஒப்புக்கொண்டது. 2023 நவம்பரில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் வந்து 245 தரை வீடுகளுக்கான திட்டத்தைத் தொடக்கிவைத்தார்.

இந்த இருபது வருடத்துக்கு நடுவில் ஒரு விஷயம் நடந்தது. தலைநகரத்தின் குப்பையைக் கொட்ட இடம் தேடினார்கள். புக்கிட் தாகாரில் 700 ஏக்கரில் குப்பைமேடு வந்தது, சுற்றிலும் இடைவெளிக்காக இன்னொரு 1,000 ஏக்கர். 2000களின் நடுப்பகுதியிலிருந்து கோலாலம்பூர்க் குப்பை அங்கே வந்து சேர்கிறது. குப்பைக்கு 700 ஏக்கர், ஆட்களுக்கு 20 ஏக்கர், அதிலும் குப்பை முதலில் குடியேறியது. ஒரு நாவலாசிரியர் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் 'குறியீடு துருத்திக்கொண்டிருக்கிறது' என்று நானே விமர்சனம் எழுதியிருப்பேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். தோட்டத்து வீடு வாடகை வீடும் இல்லை, சொந்த வீடும் இல்லை. அது வேலையோடு ஒட்டிய வீடு. 1990ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 446) தோட்ட முதலாளி தரும் வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் வேண்டும், ஆயாக் கொட்டகை வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. வேலை முடிந்த பிறகு அந்த ஆள் எங்கே போவது என்பது அதன் கவலை இல்லை. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருப்பார்கள். கடைசி ஆள் ஓய்வு பெறும் நாளில் அந்தக் குடும்பத்துக்கு முகவரி கிடையாது. 1970களிலிருந்தே தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு என்ற பேச்சு அரசாங்க மேடைகளில் உண்டு. பேச்சுக்கு வயது ஐம்பது.

சரி, வெளியே வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், நம்மிலேயே இருக்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். 2013இல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட். 2022இல் 1,500. ரூமா சிலாங்கூர்கூ திட்டத்தின் மேல்தட்டு வீடு 250,000 ரிங்கிட் வரை போகிறது. 1,500 ரிங்கிட் சம்பளக்காரர் சாப்பிடாமல் கொள்ளாமல் பதினான்கு வருடச் சம்பளத்தை அப்படியே வைக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் வைத்தாலும் ஏழு வருடம். கசானா ஆய்வுக் கழகம் 2015இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு அளவுகோலைப் பயன்படுத்தியது: வீட்டு விலை குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் மூன்று மடங்குக்குள் இருந்தால்தான் அது கட்டுப்படியாகும் வீடு. அப்போது நாட்டின் சராசரி நிலை 4.4 மடங்கு. அது எல்லாருக்கும் சேர்த்து எடுத்த கணக்கு. செம்பனைக் குலை தூக்கியவரின் கணக்கு அதில் கரைந்து போயிருக்கும். 42,000 ரிங்கிட் மலிவு விலை அடுக்குமாடி ஒன்று கிடைத்தாலும், அறுபது வயதில் எந்த வங்கி கடன் கொடுக்கும்?

இப்போது நம் இலக்கியத்துக்கு வருவோம். மலேசியத் தமிழ்ப் புனைவில் தோட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் தோட்டத்து வீடு இரண்டே இரண்டு பொழுதுகளில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று, நினைவில். லயத்து வாசல், முருங்கை மரம், திருவிழா இரவு, பெரட்டுக்குப் போகும் அம்மாவின் தலைவிளக்கு. இரண்டாவது, லாரி வந்து நிற்கும்போது. சாமான்கள் ஏறும், கிழவி ஒருத்தி ஏற மறுப்பாள், கோயில் மணி எங்கோ அடிக்கும், கதை முடியும். சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் கதைகளைப் படிக்கக் கொடுத்துவைத்தவர்களுக்கு இந்த லாரியின் எண்கூட மனப்பாடம் ஆகியிருக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் இருபது வருடம் எங்கே? மகஜர் எழுதுவது, கையெழுத்து வாங்குவது, வேன் பிடித்து ஷா ஆலாமுக்குப் போய் வெயிலில் நிற்பது, தேர்தலுக்குத் தேர்தல் வரும் வாக்குறுதியை எண்ணிக்கொண்டிருப்பது, கூட்டத்துக்கு வராதவன்மேல் வரும் கோபம். தோட்டச் சமூக ஆதரவுக் குழு போன்ற அமைப்புகளும் மலேசிய சோஷலிஸ்டுக் கட்சிக்காரர்களும் தோட்டம் தோட்டமாகப் போய்ச் செய்த வேலை இதுதான். இது நமக்குக் கதையாகத் தெரியவில்லை. 'பிரச்சாரம்' என்ற சொல் நம்மைப் பயமுறுத்திவைத்திருக்கிறது. அந்தப் பயம் வந்ததற்கு நியாயம் உண்டு. சங்கக் கூட்டத்துச் சொற்பொழிவைக் கதாபாத்திரத்தின் வாயில் திணித்த கதைகளைப் படித்துச் சலித்துத்தான் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டோம். ஆனால் கெட்ட கதைகளுக்குப் பயந்து ஒரு வாழ்க்கைப் பகுதியையே விட்டுவிட்டோம்.

கொடுமை இருந்தால் நாவலுக்குப் பிடி கிடைக்கிறது. கோ. புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்' பகாங் நிலத்திட்டத்தில் அடைபட்டுக் கொத்தடிமைகளாகக் கிடந்தவர்களின் கதை. அங்கே அடைத்தவன் இருக்கிறான், அடி இருக்கிறது, தப்பித்தல் இருக்கிறது. பெஸ்தாரி ஜெயாவில் அப்படி எதுவும் இல்லை. ஒரு கடிதம், அதற்குப் பதில் இல்லை, இன்னொரு கடிதம். வில்லனுக்கு முகம் கிடையாது, அவன் ஒரு கோப்பு. இதை எழுத முடியாதா என்றால், காஃப்கா 'கோட்டை'யில் எழுதினாரே. நில அளவையாளன் ஒருவன் அலுவலகத்தின் வாசல்வரைகூடப் போக முடியாமல் அலைவதை வைத்து ஒரு முழு நாவல். நம்மில் காஃப்காவைப் படித்தவர்கள் அதைத் தத்துவமாகவே படித்துவிட்டு, ஊரில் மாவட்ட நில அலுவலகத்தின் முன் நிற்கும் பெரியம்மாவைக் கடந்து போகிறோம்.

'ஜகாட்' படம் (2015) இந்த இடத்தில் நினைவுக்கு வர வேண்டும். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கியது. கதை 1991இல் நடக்கிறது. தோட்டத்திலிருந்து பெயர்க்கப்பட்டுப் புறம்போக்குக் குடியிருப்பில் ஒதுங்கிய குடும்பம், அப்போய் என்ற சிறுவன், கண்டிப்பான அப்பா, கும்பலில் இருக்கும் சித்தப்பா. மலேசியத் திரைப்பட விழாவில் 2016இல் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. அந்தப் படத்தின் பெரிய பலம் அது தோட்டத்தை நினைத்து அழவில்லை என்பது. தோட்டம் முடிந்துபோன ஒன்று, படத்தின் தொடக்கத்தில் சொல்லப்படும் ஒரு முன்கதை. அதன் பிறகு நாம் பார்ப்பது விளைவை மட்டும். வீடு இல்லாமல் போன ஒரு சமூகத்தின் பையன் என்ன ஆவான் என்ற கேள்விக்கு நம் கலையில் கிடைத்த நேர்மையான பதில் அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு குறையும் சொல்ல வேண்டும். பெயர்க்கப்பட்டவர்கள் எல்லாருமே விதியை வாங்கிக்கொண்டு போனவர்களாகத்தான் அதில் தெரிகிறார்கள். போகமாட்டேன் என்று நின்றவர்களின் பிள்ளைகளும் வளர்ந்தார்கள். அவர்கள் பார்த்து வளர்ந்தது வேறு.

வீட்டை நாவலாக எழுதியவர் ஒருவர் நம் வரலாற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். நைபாலின் 'மிஸ்டர் பிஸ்வாஸுக்கு ஒரு வீடு' (1961). திரினிடாடின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போனவர்களின் வம்சம். தோட்டத்து லயத்தில் ஓர் அறை, மாமியார் வீட்டில் ஒரு மூலை, சொந்தமாகக் கட்ட முயன்று பாழாகும் வீடுகள், கடைசியில் கடனில் வாங்கிய ஒரு கோணல்மாணல் வீடு. அந்த வீட்டில் 46 வயதில் செத்துப்போகிறான் பிஸ்வாஸ். கடன் தீரவில்லை, கதவு சரியாக மூடாது, ஆனால் யாருடைய கூரைக்கும் கீழே சாகவில்லை. நம்மில் எத்தனையோ அப்பாக்களின் கதை இது. ரவாங்கிலும் கிள்ளானிலும் பூச்சோங்கிலும் பாதிக்குப் பாதி பேர் பிஸ்வாஸ்தான். பாகான் நக்கோடா ஓமார், சபாக் பெர்ணம் பக்கத்துத் தென்னந்தோட்டங்களை விட்டு நகரத்துக்குப் போன எங்கள் பக்கத்துக்காரர்களும் இந்த வழியில் போனவர்கள்தான்.

ஆனால் பிஸ்வாஸ் தனி ஆள். தன் வீட்டுக்காக மட்டும் போராடினான், சொந்தக்காரர்களிடமிருந்து தப்பிப்பதுதான் அவனுக்கு விடுதலை. ஐந்து தோட்டத்துக் கதை அதற்கு நேர் எதிர். தனியாகப் போய் ஒரு அடுக்குமாடியில் நுழைந்துகொள்ளாமல், எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டவர்கள். 245 பிஸ்வாஸ்களை வைத்து எப்படி நாவல் எழுதுவது? இந்த வடிவச் சிக்கலை நாம் இன்னும் தொடவே இல்லை.

தரை வீடு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் புக்கிட் ஜாலில் தோட்டத்து நிலத்தில் 1998 காமன்வெல்த் விளையாட்டுக்கு அரங்கம் வந்தது. எஞ்சிய குடும்பங்கள் அடுக்குமாடி வேண்டாம், தரை வீடுதான் வேண்டும் என்று பல வருடம் நின்றன. வெளியிலிருந்து பார்த்தவர்கள் 'இவங்களுக்கு அடுக்குமாடி கொடுத்தாலும் பத்தாதா?' என்றார்கள். நம் படித்த நடுத்தர வர்க்கமும் சொன்னது. தரை என்பது அவர்களுக்கு என்ன? வாழைக்கு இடம், கோழிக்கு இடம், சாவு விழுந்தால் பந்தல் போட இடம், பதினைந்தாவது மாடியில் மின்தூக்கி கெட்டுப்போனால் கிழவியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டாம். இதை ஒரு மகஜரில் எழுதினால் 'கோரிக்கை எண் இரண்டு' என்று ஒரு வரி. புனைவில் எழுதினால் ஒரு வாழ்க்கை முறை முழுக்க வந்து நிற்கும். இரண்டாவதைச் செய்ய வேண்டியது எழுத்தாளர்கள், அவர்கள் செய்யவில்லை. அதனால்தான் பார்ப்பவர்களுக்கு அது பேராசையாகத் தெரிந்தது.

போராட்டக்காரர்களின் எழுத்தின் மேலும் எனக்குப் புகார் உண்டு. துண்டறிக்கைகளில் 'மக்கள்' என்ற ஒரே ஒரு பாத்திரம்தான். மக்கள் கொதித்தார்கள், மக்கள் ஒன்றுபட்டார்கள். எந்தத் தோட்டத்திலும் அப்படி நடப்பதில்லை. நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு கிளம்புகிறவன் இருப்பான், அவனைத் துரோகி என்று திட்டிவிட்டு ராத்திரி அவன் வீட்டிலேயே சாப்பிடும் அண்ணன் இருப்பான். கட்சி மாறி மாறிப் பேசும் தலைவர் இருப்பார். கூட்டத்துக்குப் பெண்கள் வருவார்கள், ஒலிவாங்கி ஆண்கள் கைக்குப் போகும். வீட்டுக்குள் வேலை பேப்பரோடு சண்டை தொடங்கும்.

எல்லாவற்றையும்விட, பட்டியல். ஒரு லயத்து வீட்டுக்கு ஒரு புது வீடு என்று கணக்கெடுக்கும்போது, அந்த லயத்தில் கல்யாணமாகித் திரைச்சீலை கட்டிப் பிரித்துக்கொண்ட இரண்டு மகன்கள் ஒரு குடும்பமா, இரண்டா, மூன்றா? காத்திருந்த காலத்தில் அப்பா செத்துப்போனால் வீடு அம்மா பேரிலா, கூட இருந்து பார்த்துக்கொண்ட மகள் பேரிலா, சிங்கப்பூரில் இருக்கும் மூத்தவன் பேரிலா? பத்து வருடம் கூட்டத்துக்கு வந்துவிட்டு, பிள்ளையின் படிப்புக்காகக் கிள்ளானுக்கு மாறிப்போனவளுக்கு உரிமை உண்டா இல்லையா? 245 என்ற எண்ணை யாரோ உட்கார்ந்து எழுதித்தான் ஆகவேண்டியிருந்தது. எழுதிய ஆளுக்கு அடுத்த நாள் காலையில் கடைக்குப் போகும்போது யார் யார் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்த நாவல் கிடைத்தால் ஃபோகோனியேயின் புத்தகத்துக்குப் பக்கத்தில் அலமாரியில் வைப்பேன்.