போர்ட்டா ப்ரோ: மலிவு விலையில் ஒரு நல்ல காது

அமெரிக்காவின் மில்வாக்கியைச் சேர்ந்த கோஸ் நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த ஹெட்போன் போர்ட்டா ப்ரோ. வாக்மேன் காலத்துப் பொருள். மெல்லிய உலோகப் பட்டை, காதுக்கு நுரைப் பஞ்சு, பாரத்தைப் பகிர்ந்துகொள்ள நெற்றிப்பொட்டில் இரண்டு குட்டி மெத்தைகள். தோற்றம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

போட்டதும் காதில் விழுவது பேஸ்தான். இளையராஜா பாடல்களில் பேஸ் கிதார் தன்பாட்டுக்கு ஒரு மெட்டுக் கட்டிக்கொண்டு போகுமே, அது இதில் உருண்டு திரண்டு கேட்கிறது. கீழ்ஸ்தாயி கொஞ்சம் தூக்கல் என்பது உண்மை. கறார் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. மேலே சிம்பலின் பளபளப்பு சற்று மங்கல். பதிலுக்கு, பாடகரின் 'ஸ்' ஓசை காதைக் கீறுவதில்லை, மணிக்கணக்கில் கேட்கலாம்.

பின்புறம் திறந்த அமைப்பு என்பதால் இசை மண்டைக்குள் அடைபடாமல் விரிந்து நிற்கும். அதனாலேயே பக்கத்து இருக்கைக்காரருக்கும் கேட்கும், பேருந்து இரைச்சலும் உள்ளே வரும். 60 ஓம் மின்தடைதான். தனி ஆம்ப் தேவையில்லை. பட்டையை இழுத்துச் சரிசெய்யும்போது தலைமுடியைப் பிடுங்குவதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

உயர்ஸ்தாயித் தெளிவு வேண்டுவோருக்கு, காதில் கொக்கியாக மாட்டும் கேஎஸ்சி75 இதே நிறுவனத்தில் இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. பாட்டை ஆற அமர ரசிக்க வேண்டுமா, போர்ட்டா ப்ரோவையே வாங்குங்கள்.