‘அபொர்ஃபனிஸ்தெந்தெஸ்’: ஓர் இழப்புச் சொல்லும் அதன் தமிழ்ப் பெயர்ப்பும்

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் (2:17) ‘அபொர்ஃபனிஸ்தெந்தெஸ்’ என்னும் கிரேக்கச் சொல் இடம்பெறுகிறது. புதிய ஏற்பாட்டில் இவ்வினை வேறெங்கும் வரவில்லை. தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதல் இதனைப் ‘பிரிந்திருந்த’ எனப் பெயர்க்கிறது. மூலச்சொல்லின் பொருளை இப்பெயர்ப்பு எந்த அளவு தாங்குகிறது என்பது ஆராயத்தக்கது.

1. சொல்லமைப்பு

‘நீங்கி, விட்டு’ எனப் பொருள்படும் ‘அபொ’ என்னும் முன்னொட்டும், ‘ஒர்ஃபனொஸ்’ என்னும் பெயரடியாகப் பிறந்த வினையும் சேர்ந்து இச்சொல் அமைகிறது. வடிவத்தால் இது செயப்பாட்டுவினை எச்சம், பன்மை. ‘ஒர்ஃபனொஸ்’ என்பதன் இனச்சொற்கள் இலத்தீனில் ‘ஒர்புஸ்’ (இழந்தவன்) எனவும் அர்மீனியத்தில் ‘ஒர்ப்’ (தந்தையற்ற பிள்ளை) எனவும் வழங்குகின்றன. மரபுரிமையைக் குறிக்கும் ‘எர்பெ’ என்னும் ஜெர்மானியச் சொல்லும் இவ்வினத்ததே. இழந்தவனே உரிமை பெறுபவனுமாதல் இவ்வேறுபாட்டிற்குக் காரணம் எனலாம்.

2. பொருள் எல்லை

தந்தையை இழந்த பிள்ளை என்பதே இதன் மையப்பொருள். ஈஸ்கிலஸின் நாடகத்தில் தந்தைக் கழுகை இழந்த குஞ்சுகளுக்கு இதே வினை ஆளப்படுகிறது. ஆயின் யூரிப்பிடீஸ், மகளை இழக்கவிருக்கும் ஹெகுபாவையும் ‘ஒர்ஃபனொஸ்’ என்ற சொல்லாலேயே குறிக்கிறார். எனவே இழப்பின் திசை இருபுறமும் செல்லக்கூடியது. பிள்ளையை இழத்தலை மட்டும் குறிக்க ‘அதெக்னோஓ’ என்னும் தனிவினையும் கிரேக்கத்தில் உண்டு. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் யாக்கோபின் புலம்பல் அவ்வினையாலேயே அமைகிறது (ஆதியாகமம் 43:14). பவுல் அதனைக் கொள்ளவில்லை என்பது நோக்கத்தக்கது.

3. சூழல்

இதே அதிகாரத்தில் பவுல் தம்மைப் பாலூட்டி வளர்க்கும் தாய்க்கும் (2:7), தந்தைக்கும் (2:11) ஒப்பிடுகிறார். அவ்வாறு கூறியவரே இங்குத் தாமும் தம் உடனூழியரும் ‘அநாதைகளாக்கப்பட்டோம்’ என்கிறார். பெற்றோர் பிள்ளையாக மாறும் இத்தலைகீழ் உவமை தற்செயலானதன்று. கிறிசொஸ்தோம் தம் உரையில், பிரிவைச் சுட்டும் எளிய சொல்லை விடுத்து, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குரிய சொல்லைப் பவுல் தேர்ந்துள்ளார் என எடுத்துக்காட்டுகிறார்.

4. தமிழ்ப் பெயர்ப்பு

‘பிரிந்திருந்த’ என்பதில் இரு இழப்புகள் நேர்கின்றன. முதலாவது, உறவின் உருவகம் மறைகிறது. இரண்டாவது, வினையின் தன்மை மாறுகிறது. பிரிதல் தன்வினை; பிரித்தல் பிறவினை. மூலத்தில் பவுல் பிரிந்தவர் அல்லர், பிரிக்கப்பட்டவர். அவர் இரவோடிரவாக அந்நகரிலிருந்து அனுப்பப்பட்டதை அப்போஸ்தலருடைய நடபடிகள் (17:10) கூறுகிறது. மீண்டும் வர முயன்றும் தடுக்கப்பட்டதை அடுத்த வசனமே சொல்கிறது. விட்டுச் சென்றவர் யார் என்னும் ஐயத்திற்கு விடையளிக்கும் இடத்தில் தன்வினை அவ்விடையை மெலிவிக்கிறது.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இலத்தீன் வுல்காத்தா ‘கைவிடப்பட்டோர்’ என்னும் பொருள்படும் சொல்லைக் கொண்டது. 1611இன் ஆங்கிலப் பெயர்ப்பு ‘எடுக்கப்பட்டு’ என்ற அளவில் நின்றது. 1881இன் திருத்தமே இழப்புச் சொல்லுக்கு மீண்டது. பழைய திருப்புதலோ யோவான் 14:18இலும் யாக்கோபு 1:27இலும் ‘ஒர்ஃபனொஸ்’ என்பதற்குத் ‘திக்கற்ற’ என்னும் அழகிய சொல்லை ஆண்டுள்ளது. சொல் கையிலிருந்தும் இங்குப் பயன்படவில்லை.

‘உங்களை இழந்து திக்கற்றவர்களாக்கப்பட்ட’ என்பது சற்று நீண்டதாயினும் உருவகத்தையும் செயப்பாட்டையும் ஒருங்கே காக்கும். இறந்தோரை எண்ணித் துயருறுவோரை இந்நிருபம் பின்னர் (4:13) தேற்றுகிறது. தேற்றுபவரும் இழப்பை அறிந்தவரே என்பதை வாசகர் முன்னரே உணர இச்சொல் ஒன்றே வாயில். மொழிபெயர்ப்பில் அது அடைபடலாகாது.