கல்லுப்பின் மூலைகள்

கல்லுப்பை உள்ளங்கையில் கொட்டி வெயிலில் பாருங்கள்: நேரான ஓரங்கள், கூரான மூலைகள், குட்டிக் கனசதுரங்கள். தூத்துக்குடி உப்பளத்தில் இவற்றை யாரும் செதுக்குவதில்லை.

வடிவத்தின் காரணம் உப்பின் உள்ளே இருக்கிறது: அது சோடியமும் குளோரினும் சேர்ந்தது. சோடியத்தின் 11 எலக்ட்ரான்களில் ஒன்று வெளிக்கூட்டில் தனித்து நிற்கிறது. குளோரினுக்கு 17, வெளிக்கூடு நிறைய ஒன்று குறைகிறது. அந்த ஒன்று கைமாறினால் சோடியம் நேர் அயனி, குளோரின் எதிர் அயனி. கடல்நீரில் பிரிந்து அலையும் இவை, நீர் வற்ற வற்ற ஒன்றையொன்று இழுத்து அடுக்காகின்றன. ஒவ்வோர் அயனியையும் சுற்றி எதிரினத்தில் ஆறு: மேல், கீழ், முன், பின், இடம், வலம். கனசதுர வடிவம் அதன் விளைவுதான். 1913இல் இயற்பியலாளர் லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இந்த ஒழுங்கைக் காட்டினார்.

உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். ரசத்திலோ உடனே கரைகிறது. நீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகின்றன. இவ்வளவு உறுதியும் இவ்வளவு இளக்கமும் ஒரே கட்டுக்குள் இருப்பதுதான் உப்பின் அழகு.