இப்னுல் ஹைஸமும் வில்லையின் விதியும்

ஒளியியல் குறித்து நம்மவர் எழுதும் கட்டுரைகளில் ஒரு வாய்பாடு நிலைபெற்றுவிட்டது. இப்னுல் ஹைஸம் (965–1040) ஒளியியலின் தந்தை. மூக்குக் கண்ணாடி உள்ளிட்ட வில்லைக் கருவிகள் யாவும் அவர் தந்த கொடை. ஐரோப்பா அவற்றைத் தனதாக்கிக்கொண்டது என்பதே அது. ‘கிதாபுல் மனாளிர்’ நூலின் ஆயிரமாண்டு நிறைவையும் நினைவுகூர்ந்து 2015ஆம் ஆண்டு பன்னாட்டு ஒளி ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது இக்கூற்று மேலும் பெருகிற்று. இதனை மூல நூல்களோடு ஒப்புநோக்குவது அரபு பயின்றோரின் கடமை எனக் கருதுகிறோம்.

வில்லை செய்வது என்ன? ஒளி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டரும், கண்ணாடியில் 2 இலட்சம் கிலோமீட்டரும் செல்கிறது. ஆதலின் கண்ணாடியில் சாய்வாகப் புகும் கதிர் திசை மாறுகிறது. தட்டையான கண்ணாடியில் அது வெளியேறுங்கால் பழைய திசைக்கே திரும்பிவிடும். வளைந்த பரப்பிலோ ஒவ்வோர் இடத்திலும் சாய்வு வேறு. நடுவில் புகும் கதிர் நேரே செல்ல, விளிம்பை நெருங்குபவை மிகுதியாகத் திரும்புகின்றன. இணையாக வந்த கதிர்கள் இவ்வாறே குவிகின்றன. நடு தடித்த இவ்வடிவத்தை முன்னிட்டே இலத்தீனில் ‘லென்ஸ்’ என்றும், இன்றைய அரபியில் ‘அதஸா’ என்றும் மசூர்ப் பருப்பின் பெயரால் வழங்கினர்.

கிதாபுல் மனாளிரின் ஏழாம் பகுதி ஒளிவிலகலை ஆராய்கிறது. அடர்ந்த ஊடகம் ஒளியின் இயக்கத்தைத் தடுப்பதே விலகலுக்குக் காரணம் என இப்னுல் ஹைஸம் விளக்கினார். கருவி கொண்டு கோணங்களை ஆராயும் முறையையும் விவரித்தார். எனினும் விலகலின் மாறா விகிதத்தை அவர் எட்டவில்லை. ஸ்நெல் 1621இல் கண்டதாகப் பாடநூல்கள் கூறும் அவ்விதி, 984 அளவில் பக்தாதில் இப்னு ஸஹ்ல் எழுதிய எரிகருவிகள் பற்றிய நூலில் வடிவகணித உருவில் உள்ளது. கோளப் பரப்பு எல்லாக் கதிர்களையும் ஒரு புள்ளியில் சேர்ப்பதில்லை. அதிபரவளையப் பரப்பு சேர்க்கும் என அவர் நிறுவினார். திமிஷ்கிலும் தெஹ்ரானிலும் பிரிந்துகிடந்த ஏடுகளை இணைத்து 1990இல் இதனை வெளிக்கொணர்ந்தவர் ருஷ்தி ராஷித். நம் கட்டுரைகளிலோ இப்னு ஸஹ்லின் பெயரே அரிது.

மூக்குக் கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றியது. கண்ணினுள் உள்ள வில்லையே பார்வையின் இருப்பிடம் என இப்னுல் ஹைஸம் கொண்டார். பிம்பம் விழுவது விழித்திரையில் என 1604இல் திருத்தியவர் கெப்ளர். அவருக்கு அடித்தளமாய் அமைந்தவற்றுள் 1572இல் பாசல் நகரில் அச்சேறிய மனாளிரின் இலத்தீன் வடிவமும் ஒன்று. இது சிறுமையன்று, நூல் வாழ்ந்த வரலாறு. தம் சமூகத்திலும் கமாலுத்தீன் அல்ஃபாரிஸி அந்நூலைத் திருத்தியும் விரித்தும் எழுதினார். நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை மழைத்துளியாகக் கொண்டு வானவில்லை ஆராய்ந்தார்.

முன்னோர் கூற்றை ஐயுற்று ஆராய்வதே உண்மை தேடுவோன் நெறி என டாலமி மீதான தம் ஐயங்களின் நூலில் இப்னுல் ஹைஸமே வலியுறுத்துகிறார். அவர் பெயரை ஆராயாது போற்றுவது அந்நெறிக்கே முரண் அன்றோ?

திருவண்ணாமலையில் அரபு கற்பிக்கும் நமக்குச் சான்று அருகிலேயே உண்டு. இம்மாவட்டத்திலும் திருப்பத்தூர் மாவட்டத்திலும் பரந்த ஜவ்வாது மலையில், காவலூரில், 1986இல் இயங்கத் தொடங்கிய வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அதில் ஒளியைத் திரட்டுவது வில்லையன்று, 2.34 மீட்டர் அகலமுள்ள பரவளைய ஆடி. பெரிய வில்லை தன் எடையாலேயே தொய்யும்; நிறங்களை வெவ்வேறிடத்தில் குவிக்கும். பரவளைய ஆடியையும் வில்லையையும் ஒரே நூலில் ஆராய்ந்தவர் இப்னு ஸஹ்ல். நம் அரபுக் கல்லூரிகளில் மனாளிரின் ஏழாம் பகுதியிலிருந்து சில பக்கங்களேனும் பாடமாகட்டும். உடன் ஒரு வில்லையும் மாணவர் கையில் இருக்கட்டும்.